பிஜூவுக்கு எடுத்த ஸ்கேன்

எங்கள் பிஜூ நாட்டு நாய். பதினொரு வயது. பிரெஞ்சில் பிஜூ என்றால் நகை. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு கடைசியில் நாய்க்குப் பெயர் வைக்கத்தான் உதவியது என்று வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

போன மார்கழியில் பிஜூவின் இடது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். நின்றது, மறுபடி வந்தது. எக்ஸ்ரேயிலும் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. மூக்கு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து மறைத்துவிடுமாம். "வயதான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்தால் சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது சார்" என்றார். நாங்கள் பிரெஞ்சில் 'ஸ்கானேர்' என்போமே, அதுதான்.

"நாய்க்குப் போய் ஸ்கேனா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

1974-இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மாவுக்கு ஓயாத தலைவலி. கண்ணாடி மாற்றினோம், கஷாயம் கொடுத்தோம். ஆறு மாதத்தில் போய்விட்டார். தலைக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளரின் இயந்திரத்தில் முதல் நோயாளியைப் படம் எடுத்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊருக்கு அது வரவில்லை. சோதனைக்கு அவர் கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளை வாங்கி வந்தாராம். மனிதனுக்கு முன்பே மாட்டைப் பார்த்த இயந்திரம், நாயைப் பார்த்தால் என்ன?

சென்னைக்குக் காரில் கூட்டிப் போனோம். அசையாமல் படுக்க வேண்டும் என்று நாய்க்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். அந்த வயதில் அதுதான் பயம். நான் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேன், கை நடுங்கியது அன்றுதான்.

படம் எடுத்தது சில நிமிடம்தான். பகெத் ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி, மூக்கை வரிசை வரிசையாகத் திரையில் காட்டினார்கள். வலது பக்கம் மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக இருந்தன. இடது பக்கம் அடைத்துக் கிடந்தது. நடு எலும்பும் அரித்துப்போய், மூளைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கட்டி.

அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தோம். வலிக்கு மட்டும் மருந்து. வீண் மாத்திரைகளை நிறுத்தினோம். நான்கு மாதம் இருந்தது. தினமும் கடற்கரைக்கு வந்தது.

ஸ்கேன் பிஜூவைக் காப்பாற்றவில்லை. பென்ஷன் பணம்தான் போயிற்று என்கிறார்கள். இருக்கட்டும். என்ன நோய் என்று தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அதுகூட என்னால் முடியவில்லை.