நாகல் நகரில் ஒரு போர்க்கப்பல்

திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் அப்படி. அந்த ஊரில் ஒருவர் உட்கார்ந்து போர்க்கப்பல் வரைகிறார் என்று நண்பர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நாகல் நகர்ச் சந்து ஒன்றில் மாடி அறை. கீழ்வீட்டுப் பூட்டுப் பட்டறையிலிருந்து அரம் தேய்க்கும் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். தட்டில் சிறுமலைப் பழம் வைத்துவிட்டு முதலிலேயே நிபந்தனை போட்டார்: “எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேணாம். பேரனுக்குப் பொண்ணு பாக்குறோம். தாத்தா கப்பல் விடுறாருன்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?”

மேசையில் விரித்திருந்த தாளின் மூலையில் ‘1908, சென்னை, கரைக்காவல் கப்பல்’ என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு கப்பல் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அவருடைய ஆறு வருட வேலை.

முழுக்க ஆகாயக் கோட்டையும் அல்ல. பம்பாய்த் துறைமுகத்தைக் காக்கவென்றே ‘மக்டாலா’, ‘அபிசீனியா’ என்று இரண்டு கப்பல்களை இங்கிலாந்தில் கட்டி 1870இல் மிதக்கவிட்டார்கள். சுழலும் கூண்டு இரண்டு, அதில் நான்கு பீரங்கி, தண்ணீருக்குச் சற்றே மேலே தெரியும் தட்டையான தளம். நடுக்கடலுக்குப் போகும் கப்பல்கள் அல்ல, வாசலில் கட்டிப்போட்ட நாய்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில் இரண்டையும் விற்றுவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு புதிய கப்பல் வந்திருந்தால், அதுவும் சென்னைக்கு வந்திருந்தால் என்று இவர் தொடங்குகிறார்.

பெரிய கடற்படைக்குக் காசில்லாத நாடுகள் அந்தக் காலத்தில் இப்படித்தான் சமாளித்தன. நார்வேயின் ‘நோர்கே’ 1900இல் கடலில் இறங்கியது. எடை நாலாயிரத்துச் சொச்சம் டன், 21 சென்டிமீட்டர் பீரங்கி இரண்டு. சின்ன உடம்பில் பெரிய கைகள். 40 வருடம் கழித்து, 1940 ஏப்ரல் 9 அன்று, நார்விக் துறைமுகத்தில் ஜெர்மன் டார்பிடோக்கள் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டன.

அதைச் சொன்னவர், “அது தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி வரையணும்” என்றார். இந்த விளையாட்டுக்கு விதி அது ஒன்றுதான். 1908 என்று எழுதிவிட்டால் 1908இல் கிடைத்த எஃகு, கிடைத்த கொதிகலன், கிடைத்த பீரங்கிதான். விமானம் வரும் என்று தெரியாது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வரும் என்றும் தெரியாது. பின்புத்திக்கு இடமில்லை. உலகெங்கும் இதைச் செய்கிறவர்கள் ‘ஸ்பிரிங்ஷார்ப்’ என்ற இலவச மென்பொருளில் கணக்குப் போடுகிறார்கள். இவர் முதலில் கையால் போடுகிறார், பிறகுதான் பேரனின் லேப்டாப்பில் சரிபார்க்கிறார்.

கணக்கு நோட்டைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. மளிகைக்கடைப் பற்று வரவு போலவே இருந்தது. நீளம் 80 மீட்டர், அகலம் 16, தண்ணீருக்குள் அமிழும் ஆழம் 4.5. மூன்றையும் பெருக்கினால் ஒரு பெட்டி. கப்பல் பெட்டி அல்லவே, முன்னும் பின்னும் ஒடுங்கியது. பெட்டியில் நூற்றுக்கு 62 பங்குதான் நிரப்பும். கடல்நீரின் கனத்தையும் சேர்த்தால் 3,660 டன். அதுதான் வரவு. மீதியெல்லாம் செலவு. 15 சென்டிமீட்டர் கனத்தில், 2 மீட்டர் உயரத்தில், இரு பக்கமும் 50 மீட்டர் நீளத்துக்கு இடுப்புக் கவசம் கட்டினால் 235 டன் போய்விடும். 9.2 அங்குலப் பீரங்கியின் குழல் மட்டும் ஒன்று 28 டன். வேகத்தை மணிக்கு 15 கடல் மைலிலிருந்து 18க்கு ஏற்ற ஆசைப்பட்டால் எஞ்சினுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் சக்தி வேண்டும். அதற்குக் கொதிகலன், அதற்கு நிலக்கரி. கனத்தை மேலே ஏற்றினால் கப்பல், உச்சி பெருத்த தேர் போலச் சாயும்.

முதலில் மூன்று பீரங்கி வரைந்திருக்கிறார். அதை இரண்டாக்கியது கீழே அரம் தேய்க்கும் ஆசாரி. பூட்டின் நெம்புத்தகடுகளை வெட்டும் அதே கையால், 200இல் ஒரு பங்கு அளவில் பீரங்கிக் கூண்டுகளைப் பித்தளையில் செய்து தருகிறவர். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். மயிரிழை தப்பினாலும் திறக்காது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டால் பட்டறைகளில் ஆள் கூடியதா என்று கேட்டேன். ஆசாரி பதில் சொல்லாமல் காலியாக இருந்த இரண்டு பலகைகளைப் பார்த்தார்.

அந்த மூன்று பீரங்கிப் படத்தைக் காட்டியதும் ஆசாரி கேட்டாராம்: “எந்தக் கதவுக்கு சார் இது? பூட்டு பெருசா இருந்தா கொண்டியைப் பிடுங்கிக்கிட்டுல்ல வரும்.”

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை வாக்கில் எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. 130 குண்டுகள் போல அடித்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. கரையிலிருந்து திருப்பிச் சுட்ட குண்டு ஒன்றும் படவில்லை. ‘அவன் ஒரு எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். உங்கள் கப்பல் இருந்திருந்தால்?

கணக்குப்படி இவருடைய குண்டு ஒன்று 172 கிலோ, எம்டனுடையது 17. ஒன்று பட்டிருந்தாலே கதை வேறு. ஆனால் அவர் அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ளவில்லை. “அடுப்பு அணைஞ்சிருக்கும் தம்பி. கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும். இவங்க நங்கூரம் தூக்குறதுக்குள்ள அவன் பாண்டிச்சேரி தாண்டியிருப்பான்.”

தோற்கும் என்று தெரிந்தே ஒரு கப்பலை ஆறு வருடம் வரைவது எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை. 1605 வாக்கில் நாயக்கர்கள் தொடங்கிய அந்தக் கோட்டையும், பிறகு ஹைதர் அலி கைக்குப் போய், 1790இல் ஆங்கிலேயரிடம் விழுந்ததுதான். அதைக் கட்டியவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை.

புதிய தாள் ஒன்றை விரித்தார். இந்தத் தடவை தூத்துக்குடி. வ.உ.சி. கப்பல் ஓட்டிய காலத்தில் அங்கே கரையோரம் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணியில் சரக்குப் போகும். அமிழும் ஆழத்தை 3.5 மீட்டராகக் குறைத்து மறுபடி பெருக்கினார். 2,847 டன். 813 டன் வரவு குறைந்துவிட்டது.

கூண்டுக்கு அளவெடுக்க வந்த ஆசாரி, வாசற்படியில் நின்றபடியே படத்தை எட்டிப் பார்த்தார்.

“ஒரு கூண்டு போதும் சார்.”

“பின்பக்கம் எவன் வந்தாலும்?”

“பின்வாசலுக்கு வேற பூட்டு.”

பெரியவர் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழிரப்பரை எடுத்து, பின்கூண்டின் வட்டத்தை மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.