மொகிலிக் கணவாயில் ஒரு பழைய வண்டி

காட்பாடியை விட்டு வடக்கே செல்லும் வண்டி ஆந்திர எல்லையைக் கடந்த பின்னரும் தமிழ் நம்மைவிட்டு உடனே பிரிந்துவிடுவதில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் தமிழில் தொடங்கிய பேரம் தெலுங்கில் முடிவதும், தெலுங்கில் கேட்ட விலைக்குத் தமிழில் மறுமொழி வருவதும் அன்றாட நிகழ்ச்சிகள். 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறினாலும் உறவுகள் மாறவில்லை என்பதற்கு என் தாய்மாமன் குடும்பமே சான்று.

மாமாவின் மாந்தோப்பு பலமநேர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் இருக்கிறது. அங்கே விளைவது தோத்தாபுரி என்னும் கிளிமூக்கு மாம்பழம். சித்தூர் வட்டாரத்துப் பழக்கூழ் ஆலைகள் பெரிதும் விரும்புவது இதையே. சூன், சூலை மாதங்களில் அறுவடை. அக்காலத்து மழையில் தோப்புப் பாதை செஞ்சேறாகிவிடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஒன்றே அதில் ஏறி வரும். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டப்பட்டு நம் நாட்டுச் சாலைக்கு வந்த நாள் முதல், இத்தகைய வண்டிகளுக்கு மலைநாட்டு உழவரிடம் தனி மதிப்பு உண்டு. மாமாவிடம் இருப்பது அந்த வழியில் வந்த ஒரு பழைய டீசல் பிக்கப்.

சென்ற ஆண்டு அவருடைய பேரன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். அகன்ற பெரிய டயர்கள், முகப்பில் இரும்புத் தடுப்பு, கூரைமேல் விளக்கு வரிசை, டீசல் பம்பைக் கூட்டிவைத்து இழுவையைப் பெருக்குதல் ஆகியவை அதில் இருந்தன. “மாமா, இவ்வளவும் செய்துவிட்டால் வண்டி புதிதாகிவிடும்” என்று முடித்திருந்தான். பணத்தை எடுத்துவைத்துக்கொண்டுதான் நான் ஊருக்குப் புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்த இரவு, பையன் உறங்கிய பின், மாமா திண்ணையில் மெதுவாகச் சொன்னார்: “மாப்பிள்ளை, போன பருவத்தில் மொகிலி இறக்கத்தில் பிரேக் மிதி அடிவரை போய்விட்டது. பாரம் பாதிதான். பையன் வண்டியை மண்மேட்டில் முட்டி நிறுத்தினான். உனக்குத் தெரிந்தால் வண்டியை விற்கச் சொல்வாய் என்று அவனுக்குப் பயம்.”

பலமநேரிலிருந்து பங்காருபாளையம் மாஞ்சந்தைக்கு வருகிறவர் மொகிலிக் கணவாயில் இறங்கியே ஆகவேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலையின் அந்தப் பகுதி எத்தகையது என்பதை 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரியும் மோதி உயிர்கள் பல மாய்ந்த செய்தி உலகறியச் செய்தது. அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் சித்தூரில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கிருந்த பாய் பட்டியலைப் படித்துப் பார்த்தார். “தம்பி, ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொடுப்போம்” என்று சொல்லிச் சக்கரங்களைக் கழற்றினார். லைனிங் தேய்ந்திருந்தது, ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தன, பிரேக் எண்ணெய் கறுத்துப்போயிருந்தது. இந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகையில் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். ஈரமேறியபின் அது 140 அளவுக்கு இறங்கிவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கிக்கொடுப்பதால், மிதி கீழே போகும், வண்டியோ நிற்காது. ஆகவே லைனிங், குழாய், எண்ணெய் மூன்றும் புதியனவாயின.

அடுத்து ரேடியேட்டரைக் கழுவி, மூடியையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார். மூடி அழுத்தம் தாங்கினால்தான் தண்ணீர் எளிதில் கொதிக்காது. பிறகு காற்று வடிகட்டியை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, நாசில்களைச் சோதனைக்கு அனுப்பினார். இழந்திருந்த இழுவையில் பெரும்பங்கு இதிலேயே திரும்பி வந்தது. ஒடிந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றுக்கு ஈடாகப் புதியது போட்டார். டயர் பழைய அளவுதான். சேற்றில் பிடிக்கும்படி ஆழ்ந்த வெட்டுள்ளதாக வாங்கினோம். விளக்குகள் மங்கியதற்குக் காரணம், மின்சாரம் பழைய சுவிட்சு வழியே சுற்றி வந்து வலிமை இழந்ததே. தடித்த கம்பியும் ஒரு ரிலேயும் வைத்தவுடன் அதே பல்புகள் பளிச்சென்று எரிந்தன.

பையனின் முகம் வாடிற்று. பாய் அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும். அதனால் மேட்டில் இழுவை குறையும், பிரேக்குக்குச் சுமை கூடும், வேகமானியும் உள்ள வேகத்தைக் குறைத்துக் காட்டும். பம்பைக் கூட்டினால் கரும்புகையும் சூடுமே மிச்சம். இரும்புத் தடுப்பை 2017-இல் மத்திய அரசு தடுத்துவிட்டது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. செலவுக் கணக்கைப் பார்த்தபோது, எடுத்துவைத்த பணத்தில் பாதிக்கு மேல் மீந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து மாம்பழப் பாரத்துடன் மொகிலியில் இறங்கினோம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அந்தக் கியரே வேண்டும் என்பது பாய் சொல்லியனுப்பிய பாடம். பையன் உச்சியிலேயே கியரைக் குறைத்தான். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிற்று. பிரேக்கை இடையிடையே தொட்டதோடு சரி. மாமா பின்னால் பழக்கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பங்காருபாளையம் வந்த பிறகுதான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

பழம் விற்ற மறுநாள் மூவரும் திருப்பதிக்குச் சென்றோம். ஏறக்குறைய 2,800 அடி உயரத்திலுள்ள திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது 1944-இல்; இரண்டாவது சாலை 1974-இல் வந்தது. இப்போது ஏறுவதற்குப் புதியதும் இறங்குவதற்குப் பழையதும் பயன்படுகின்றன. தரிசனம் முடித்துப் பேருந்தில் இறங்கும்போது, பையன் ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கொண்டை ஊசி வளைவு கடந்ததும் என் பக்கம் திரும்பினான்.

“மாமா, போன ஆண்டு மொகிலியில் ஒன்று நடந்தது. உங்களுக்கு எழுதவில்லை” என்றான்.

தெரியாதவன்போல் முழுவதையும் கேட்டுக்கொண்டேன். மாமா சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் கடந்து வாழும் நம்மில் பலர் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறோம். என்ன நடந்தது என்று கேட்கிறவர் சிலரே. மீந்த பணத்தை நான் மாமாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெய் மாற்றுவதற்கென்று அதைத் தனியே முடிந்துவைத்திருக்கிறாராம்.