மூத்தாப்பாவின் இருட்டறை

மூத்தாப்பாவின் ஸ்டூடியோ மூடி எட்டு வருடங்களாகிவிட்டன. இருட்டறையில் என்லாஜர் மட்டும் துணி போர்த்தபடி நின்றது. சென்ற விடுமுறையில் என்னைக் கூப்பிட்டு ஒரு நெகடிவைக் கையில் தந்தார்.

"உங்கட மூத்தம்மா. ஒருக்கா பெரிசாப் பாக்கணும் புள்ள, கண் முழுசா மங்க முந்தி."

2004 டிசம்பர் 26 இல் கடல் மூத்தம்மாவையும் வீட்டிலிருந்த அல்பங்களையும் கொண்டுபோய்விட்டது. ஸ்டூடியோவில் இருந்ததால் இந்த ஒரு நெகடிவ் தப்பியது. நான் அவரைக் கண்டதேயில்லை.

தாளும் மருந்தும் சாச்சா கொழும்பில் தேடி அனுப்பினார். என்லாஜரின் 150 வாற்று பல்ப் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. "நான் வெளிச்சம் செய்து தாறன்" என்றேன். ஓம் விதி படித்த தைரியம்.

மூன்று வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 9.6 வோல்ற்று. 12 வோல்ற்று அடப்டரில் மீதி 2.4. 20 மில்லியம்பியர் ஓட 120 ஓம் தடையி ஒன்று. இப்படிப் பன்னிரண்டு வரிசைகளைச் சமாந்தரமாக ஒட்டினேன். 36 குமிழ்களுக்கும் 3 வாற்று கூடத் தேவைப்படவில்லை. "கலியாண வீட்டுச் சோடனையா?" என்று நாநா கேலி செய்தார்.

அவர் கேலி பலித்தது. நெகடிவ் இல்லாமல் சோதித்த முதல் தாளில் புள்ளி புள்ளியாகக் கறைகள். மூத்தாப்பா சிரிக்கவில்லை. "வெளிச்சம் கலந்து வரணும் புள்ள" என்றார். ஐஸ்கிறீம் டப்பாவின் வெள்ளை மூடியை வட்டமாக வெட்டி, குமிழ்களுக்கு இரண்டு அங்குலம் கீழே பொருத்தினேன். அடுத்த தாள் முழுவதும் ஒரே சாம்பல் நிறம்.

பிறகு நெகடிவை வைத்து, 5, 10, 15, 20 விநாடிகள் எனப் பட்டை பட்டையாகப் பரீட்சித்தோம். கழுவிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், மெல்ல என்னிடம் நீட்டினார்.

"எது சரி? நீ சொல்லு."

நாற்பது வருடம் படம் கழுவியவர் என்னிடம் கேட்கிறார். தொண்டை அடைத்தது. "பதினைந்து" என்றேன்.

சிவப்பு வெளிச்சத்தில் தட்டை ஆட்டும்போது அவருக்கு எதுவும் தெரியவில்லை. கை மட்டும் பழக்கத்தில் ஆடியது.

"கண் வந்திட்டா?"

கறுப்புத்தான் முதலில் வரும் என்பது அவருக்குத் தெரியும். வெறும் தாளில் இரண்டு கண்கள் மெல்லத் தெளிந்து என்னைப் பார்த்தன. அச்சாக என் உம்மாவின் கண்கள்.

"வந்திட்டு மூத்தாப்பா."