மூலைக் கடைகளின் நகரம்

கடை என்பது பண்டங்கள் விலைப்படும் இடம் என்று அகராதி பொருள் கூறும். அப்பொருளோடு நின்றுவிடுவோர் கடையின் பாதியையே அறிவர். ஓர் ஊரின் கடைகளைப் பழகி அறிந்தவனே அவ்வூர் மனிதரையும் அறிந்தவனாவான் என்பது என் துணிபு. இத்துணிபை எனக்குத் தந்தது இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள லீட்ஸ் மாநகரம். 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் முதுமாணிப் படிப்பின் பொருட்டு அங்குச் சென்ற நான் ஓராண்டு காலம் தங்கியிருந்தேன். படித்த பாடங்களிற் பல மறந்துவிட்டன. புழங்கிய கடைகள் மறக்கவில்லை.

லீட்ஸ் கம்பளித் துணியால் வளர்ந்த நகரம். அதன் நடுவே கேர்க்கேட் சந்தை என்னும் பெருஞ்சந்தை உளது. 1822இல் திறந்தவெளிச் சந்தையாகத் தொடங்கி, 1857இல் கூரை பெற்று, 1904இல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய அழகிய மண்டபமாக அது விரிந்தது. 1975ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மூண்ட தீ அதன் பெரும்பகுதியை விழுங்கிற்று. முகப்பு மண்டபம் மட்டும் தப்பியது. வணிகரோ சில நாட்களுள்ளேயே மீண்டும் கடை விரித்தனராம். இறைச்சிக்காரருக்கு ஒரு வரிசை, மீன்காரருக்கு ஒரு வரிசை, நூலும் பொத்தானும் விற்போருக்கு ஒரு மூலை என்று வகுத்திருந்த அச்சந்தையில் முதன்முதலாக நுழைந்தபோது, நம் சான்றோர் பாடிய நாளங்காடி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொண்டேன்.

அச்சந்தைக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைய ருஷ்யப் பேரரசிலிருந்து வந்த மைக்கேல் மார்க்ஸ் என்ற ஏழை யூதர் 1884இல் இங்கேதான் ஒரு சிறு தட்டுக்கடை போட்டார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. பேரம் பேசுவதற்கு மொழி வேண்டுமே! அதனால், விலையைக் கேட்க வேண்டாம், எல்லாம் ஒரு பென்னி என்று எழுதித் தொங்கவிட்டார். 1894இல் தொமஸ் ஸ்பென்சர் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். உலகறிந்த மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் இவ்வாறுதான் பிறந்தது. நூற்றாண்டு நினைவாக நிறுவப்பட்ட மணிக்கூடு ஒன்று இன்றும் மண்டபத்தின் நடுவே நிற்கின்றது. மொழி தெரியாமை ஒருவனுக்கு முதலாக மாறிய கதையை, ஆங்கிலம் பேச நாணும் என் மாணவர்க்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

சந்தையில் என்னை முதலில் திகைக்க வைத்தது விலையன்று, விளிப்பு. காய்கறி விற்கும் மூதாட்டி ஒருத்தி நான் நீட்டிய காசை வாங்கிக்கொண்டு, “நன்றி, லவ்” என்றாள். காதலுக்குரிய சொல்லை இப்படிக் கரட் கிழங்கோடு சேர்த்துத் தருகின்றாளே என்று நான் விழித்தேன். பின்னர்தான் தெரிந்தது, யோர்க்‌ஷெயர் மக்கள் முன்பின் அறியாதவரையும் அவ்வாறே அழைப்பர் என்பது. எங்கள் ஊர்க் கடலைக்காரி “என்ர ராசா” என்று சொல்லிச் சுருளை நீட்டுவாளே, அதன் ஆங்கில வடிவம் இதுவென்று கண்டபின் அந்நகரம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நான் தங்கியிருந்தது ஹேர்ஹில்ஸ் என்னும் பகுதியில், கணவரை இழந்து தனியே வாழ்ந்த எழுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவரின் வீட்டில். அங்குள்ள வீடுகள் விசித்திரமானவை. இரு பக்கச் சுவரோடு பின்சுவரும் அயலவனுடையதே. முதுகோடு முதுகு ஒட்டிய இத்தகைய வீடுகளை லீட்ஸ் நகரில் 1937 வரை கட்டினர். முற்றமில்லை, கொல்லையில்லை, பண்டம் சேமிக்க இடமுமில்லை. ஆகவே அன்றன்றைய தேவைக்கு அன்றன்றே கடைக்குப் போக வேண்டும். வரிசை முடியும் மூலைதோறும் ஒரு கடை தோன்றியமைக்குக் காரணம் இதுவே. அம்மையாரின் இளமைக் காலத்தில் அவர் தெருவைச் சுற்றி ரொட்டிக் கடை, பன்றியிறைச்சிக் கடை, மிட்டாய்க் கடை, சப்பாத்துத் திருத்தும் கடை என ஒன்பது கடைகள் இருந்தனவாம். விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். நான் சென்றபோது எஞ்சியவை இரண்டு.

மாலை வேளைகளில் அடுப்பங்கரையில் அமர்ந்து அவர் பழைய கதை சொல்வார். 1940 ஜனவரியில் பங்கீடு தொடங்கியபோது அவருக்கு வயது பத்து. குடும்பத்தார் ஒரு கடையைத் தெரிந்து அங்கே பெயர் பதிய வேண்டும். சீனியும் வெண்ணெயும் அக்கடையில் மட்டுமே கிடைக்கும். பங்கீடு முற்றாக நீங்கியது 1954 ஜூலையிலேயாம். சீனி நிறுக்கும் கடைக்காரர் தராசு முள் நேராக நிற்கும்வரை மூச்சு விடாமல் நிற்பாராம், சிறுமியும் மூச்சு விடமாட்டாளாம். அவருடைய தாய் கூட்டுறவுக் கடையில் அங்கத்தவர். அறுபது ஆண்டு கழிந்தபின்னும் தாயின் அங்கத்துவ இலக்கத்தை அம்மையார் தடுமாறாமல் சொன்னார். தம் திருமண நாளைச் சொல்ல அவருக்குச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது!

நான் வியப்படையவில்லை. 1990க்குப் பின்வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரிதாகிப்போன யாழ்ப்பாணத்தில், சங்கக்கடை வாசலில் பங்கீட்டு அட்டையுடன் நின்று வளர்ந்தவன் நான். அதை அம்மையாரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின் எழுந்துபோய், எனக்கென்று ஒரு கோப்பைத் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொணர்ந்தார். நான் ஒரு கரண்டியே போடுவேன் என்பது அவருக்குத் தெரியும். அன்று முழுவதையும் குடித்தேன்.

எஞ்சியிருந்த இரு கடைகளுள் ஒன்று மீன் பொரிக்கும் கடை. வெள்ளிக்கிழமை மாலையில் அதன் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். பொரித்த மாத்துகள்களைப் பிள்ளைகளுக்கு இலவசமாக அள்ளிக் கொடுப்பர். சைவ உணவுக்காரனாகிய நான் உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் கேட்டேன். கடைக்காரப் பெண்மணி கரண்டியை நிறுத்திவிட்டு, “மீன் ஏன் வேண்டாம்?” என்றார். காரணத்தைச் சொன்னேன். “அப்படியானால் இதுவும் உனக்கு ஆகாது, லவ். இங்கே நாங்கள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம்” என்று சொல்லிக் காசைத் திருப்பித் தந்தார். யோர்க்‌ஷெயரின் பழைய வழக்கம் அது. சொல்லாமல் விட்டிருந்தால் யார் அறிவார்? ஒரு விற்பனையை இழந்து ஒருவனின் ஒழுக்கத்தைக் காத்த அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகின்றது.

மற்றையது மூலையிலிருந்த பலசரக்குக் கடை. அதன் உரிமையாளர் ஒரு குஜராத்தியர். 1972இல் இடி அமீன், தொண்ணூறு நாட்களுள் வெளியேறுக என்று ஆசியருக்கு ஆணையிட்டபோது உகண்டாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பார், இரவு பத்துக்கு மூடுவார். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னைப் பேட்டா, அதாவது மகனே, என்பார். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஊரிலிருந்து வந்த செய்திகள் உறக்கத்தைப் பறித்தன. வன்னியிலிருந்த உறவினரைப் பற்றி அறிய இரவுபகலாக யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பேன். அதற்கான ஐந்து பவுண் அட்டைகளை அவரிடமே வாங்குவேன். ஒருநாள் பணப்பை காலியாயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து என் பெயரை எழுதி, இரண்டு அட்டைகளை நீட்டினார். “ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரின் குரல் வேண்டும், பேட்டா” என்றார். கடன் கொப்பி யாழ்ப்பாணத்துக்கே உரியது என்று எண்ணியிருந்தேன். வாங்கியவற்றுக்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிட்டேன். அவர் சொன்ன சொல்லுக்குத் தீர்க்க வழியில்லை.

அம்மையார் நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அக்கடைக்குப் போய்ப் பத்திரிகையும் பாலும் வாங்குவார். பெப்ரவரி மாதம், பனி உறைந்த ஒரு காலையில் அவர் வரவில்லை. ஒன்பது மணிக்கு அங்கிள் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதிலில்லாததால் அயலவரிடமிருந்த திறப்பை வாங்கி உள்ளே சென்றார். படிக்கட்டின் கீழே இடுப்பெலும்பு முறிந்து அம்மையார் கிடந்தார். நான் முதல்நாளே வேறு நகருக்குச் சென்றிருந்தேன். அன்று அந்தக் கடை அங்கில்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய கடைகள் ஏன் மறைந்தன? பகைவர் எவரும் வந்து இடிக்கவில்லை. உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்ற வழக்கம் பெரும்பாலான பண்டங்களுக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. மொத்தமாக வாங்கும் பேரங்காடிகள் விலையைக் குறைத்தன, சிறு கடைக்காரரால் இயலவில்லை. நெருக்கமான தெருக்களை இடித்துப் புதுக்குடியிருப்புகள் எழுந்தபோது மூலைகளும் போயின. வீடுதோறும் குளிர்சாதனப் பெட்டியும் வாசலில் காரும் வந்தபின் வாரத்துக்கொரு முறை வாங்கினால் போதும் என்றாயிற்று. 1994இல் பெருங்கடைகளும் ஞாயிறன்று ஆறு மணி நேரம் திறக்கலாம் என்ற சட்டம் வந்தது. சிறு கடையின் கடைசி வாய்ப்பும் குறுகியது.

பெரியவையும் நிலைக்கவில்லை. 1901இல் தொடங்கிய ஸ்கோஃபீல்ட்ஸ் என்ற லீட்ஸ் நகரின் பேர்போன கடை 1996இல் மூடப்பட்டது. நான் அங்கிருந்த குளிர்காலத்தில், 1909 முதல் பிரித்தானிய மக்கள் பழகிய வூல்வர்த்ஸ் எண்ணூறுக்கு மேற்பட்ட கிளைகளுடன் வீழ்ந்தது. 2009 ஜனவரி 6ஆம் நாள் கடைசிக் கதவும் அடைபட்டது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து மக்கள் கண்கலங்கினர். எங்கள் அம்மையார் மட்டும் கலங்கவில்லை. “அழுகிறவர்கள் கடைசியாக அங்கே எப்போது எதை வாங்கினார்கள் என்று கேள். கடைகளை மூடியது நாங்கள்தான். நானும் ஆறு பென்ஸ் மிச்சம் பிடிக்கப் பேருந்தேறிப் போனவள்தான்” என்றார்.

அவ்வுரையில் உண்மை உண்டு. பழைய கடைகளில் எல்லாமே பொன்னாக இருந்ததில்லை. விலை அதிகம், தெரிவு குறைவு, கடன் கேட்டு நின்ற ஏழைத் தாய்மாரின் கூச்சம் சொல்லில் அடங்காது. கடைக்காரரின் பிள்ளைகள் விளையாட நேரமின்றி வளர்ந்தனர். அங்கிளின் மகன் கணக்காளராகி வேறு நகருக்குச் சென்றான். தந்தையின் உழைப்பு வேண்டியதும் அதுவே. 2015இல் அக்கடை மூடப்பட்டது என்று அங்குள்ள நண்பர் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டே அம்மையார் காலமாகியிருந்தார்.

யாழ்ப்பாணத்திலும் இன்று குளிரூட்டிய பேரங்காடிகள் பல வந்துவிட்டன. அவற்றைக் குறைகூற நான் எழுதவில்லை, நானும் போகின்றேன். ஆயினும் எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள கடையிலே சீனியும் பருப்பும் தேயிலையும் இன்றும் வாங்கி வருகின்றேன். சில ரூபா கூடுதலாகும். நான் இரண்டு நாள் வராவிட்டால், “மாஸ்ரர், சுகமில்லையோ?” என்று அக்கடைக்காரர் என் மனைவியிடம் விசாரிக்கின்றார். அந்தச் சில ரூபா எதற்கென்று வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை.