பச்சையா இருந்தா போதுமா?

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனில குப்பை கொட்டுற மக்களுக்காக ஒரு பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கைதான், பொறுத்துக்குங்க :-)

அந்தக் கால டயல் போனுக்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டே கிடையாது. ரிசீவரை எடுத்தா டயல்டோன் வரணும், அவ்ளோதான். ஆபீஸ்ல கரண்ட் போனாலும் பேசலாம். எக்ஸ்சேஞ்ச் பேட்டரிலேர்ந்து 48 வோல்ட் அதே ஒயர்ல வந்துடும். இப்போ பெரும்பாலும் ஐபி போன். நெட்வொர்க் சுவிட்ச்தான் அதுக்குச் சோறு போடுது. சுவிட்ச் படுத்தா அதுல மாட்டின அத்தனை போனும் படுத்துடும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்தது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல ஷெட் ஷெட்டா நடந்து போன் எண்ணிட்டு இருக்க முடியாது. சிஸ்டத்துலேர்ந்து லிஸ்டை எக்ஸ்போர்ட் பண்ணி, புயலுக்கு முன்னாடி எடுத்ததோட ஒப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலை. முன்னாடி எடுத்தது இல்லைன்னா? எது புதுசா செத்தது, எது ஏற்கெனவே செத்ததுன்னே தெரியாது. அதனால மாசாமாசம் ஒண்ணு எடுத்து வைங்க.

ஃபைலை எக்ஸெல்ல சும்மா டபுள்கிளிக் பண்ணாதீங்க. 0-ல ஆரம்பிக்கிற எக்ஸ்டென்ஷன் நம்பர்ல அந்த 0-வை முழுங்கிடும். அந்தக் காலத்தை டெக்ஸ்ட்டுனு சொல்லி இம்போர்ட் பண்ணணும்.

இன்னொண்ணு. 'ரிஜிஸ்டர்டு'ன்னா போன் கடைசியா "உள்ளேன் ஐயா" சொன்னது இன்னும் காலாவதி ஆகலைன்னு மட்டும்தான் அர்த்தம். பல சிஸ்டத்துல அந்தக் கெடு 3600 செகண்ட், அதாவது ஒரு மணி நேரம். நடுவுல சர்வர் தானா விசாரிக்கிற மாதிரி செட் பண்ணலைன்னா, செத்த போனும் கொஞ்ச நேரம் பச்சையாவே நிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி, பேரு வேணாம். நைட் ஷிஃப்ட்ல ஒரு தம்பிக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. கேட்டுக்கு அடிச்சா யாரும் எடுக்கல. மறுநாள் ரிப்போர்ட் பாத்தா கேட் போன் பச்சை! போன் நல்லாத்தான் இருந்துச்சு, பூட்டின ரூமுக்குள்ள. செக்யூரிட்டி அண்ணன் வெளில மரத்தடியில சேர் போட்டு உக்காந்திருக்கார். ஆறு மாசமா ரிப்போர்ட் எடுத்தவங்க யாரும் அந்த நம்பருக்கு ஒரு தடவை கூட அடிச்சதில்ல.

பொய் சொன்னது ரிப்போர்ட் இல்லீங்க. அது போனைப் பத்திச் சொல்லுது, ஆளைப் பத்திச் சொல்லல. எக்ஸ்போர்ட் பண்ணின கையோட கேட், முதலுதவி ரூம், ஜெனரேட்டர் ரூம் மூணுக்கும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. "ஹலோ"ன்னு ஒரு மனுசக் குரல் வந்தாத்தான் அந்தக் கட்டத்துல டிக்.

வர்ட்டா...