அம்மாவின் அரக்குப் பட்டும் அப்பாவின் வெள்ளை வேட்டியும்

ராத்திரி பத்தரை மணிக்கு ஊரிலிருந்து அப்பா போன் செய்தால் எந்த மகளுக்கும் வயிற்றைக் கலக்கும். வேளச்சேரியில் பெண்கள் விடுதியில் இருந்த அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

"பாப்பா, தூங்கிட்டியா?"

குரல் கம்மியிருந்தது. நடுநடுவே இருமல் வேறு.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்டா. அம்மாவோட கல்யாணப் புடவை..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கும்பகோணம் வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மா இருந்தவரை ஒரு கைக்குட்டையைக்கூட அவர் பிழிந்ததில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் கற்றுக்கொண்டார். சமையல் இன்றுவரை சுமார்தான். ஆனால், துணி துவைப்பதில் ஆள் கில்லாடி. அரை பக்கெட் தண்ணீர், ஒரு மூடி ப்ளீச், பத்து நிமிஷ ஊறல், இரண்டு அலசல், கடைசியில் சொட்டு நீலம். அந்தத் தெருவில் அவர் வேட்டி வெளுப்புக்கு ஈடு கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன் நிச்சயதார்த்தம். "நிச்சயத்துக்குப் புதுசு எதுவும் வேண்டாம்ப்பா, அம்மா புடவையைத்தான் கட்டப்போறேன்" என்று சொல்லியிருந்தாள். 1991-ல் திருபுவனத்தில் எடுத்த புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தவர் கண்ணில், முந்தானைக்கு ஒரு சாண் முன்னால் இருந்த பழுப்புக் கறை பட்டுவிட்டது. எந்தக் கல்யாணத்துப் பாயசமோ! மகள் வருவதற்குள் அதைப் போக்கிவிட நினைத்தார். கறைக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

தண்ணீர்கூடக் கலக்காமல், நேராகக் கறையின் மேல் ஊற்றினார்.

கண்ணெதிரிலேயே அரக்கு ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. பதறிப்போய்க் கட்டைவிரலால் தேய்த்தால், துணி சோப்பு மாதிரி வழவழவென்று போனது. கைபேசியில் தேடினார். ப்ளீச்சின் வேகத்தை எலுமிச்சை முறிக்கும் என்று ஒரு வீடியோவில் யாரோ சொன்னார்கள். ஓடிப்போய் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தார். அடுத்த நொடி மூக்கில் நெடி ஏறியது, கண் எரிந்தது, இருமல் வந்தது. ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறை. நல்லவேளையாக உடனே வெளியே வந்துவிட்டார்.

புடவையை விட இதுதான் பயப்பட வேண்டிய இடம். ப்ளீச்சோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் என்று புளிப்பான எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைப் பதம் பார்க்கும் வாயு அது. வீடியோவில் இதை யாரும் சொல்வதில்லை.

மகளும் புடவையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "மூச்சு விட முடியுதாப்பா? நெஞ்சு அடைக்குதா?" என்றுதான் கேட்டாள். வாசல் திண்ணையில் உட்காரச் சொன்னாள். எதிர் வீட்டு மாமிக்கு போன் போட்டு அவர் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். "இருமல் நிக்கலைன்னா ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க மாமி" என்றாள். ஒரு மணி நேரத்தில் இருமல் அடங்கியது. நெடி முழுக்கப் போன பிறகு, அவள் போனில் சொல்லச் சொல்ல, புடவையைக் குழாயடியில் பிடித்துக் கால் மணி நேரம் பச்சைத் தண்ணீர் விட்டார். தேய்க்காமல், முறுக்காமல் நிழலில் போட்டார். இதை முதல் நிமிஷமே செய்திருந்தால் பாதியாவது தப்பித்திருக்கும். அலசாமல் விட்டால், துணி காயக் காயவும் ப்ளீச் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கஞ்சி நிறத்தில் ஒரு திட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் லேசாகத் தொட்டதும், நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நூல் விட்டுப்போனது. பக்கத்தில் நின்ற அப்பா, ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

வேட்டிக்கு ஒத்துக்கொண்டது புடவைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? வேட்டி பருத்தி. செடியிலிருந்து வந்த செல்லுலோஸ். அளவாகப் போட்டால் ப்ளீச்சைத் தாங்கும். பட்டு அப்படியில்லை. புழு உமிழ்ந்த நூல் அது. நம் தலைமுடியைப் போல அதுவும் புரதம்தான். ப்ளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் சாயத்தோடு நிற்காது, அந்தப் புரதத்தையே அரிக்கும். சாக்கடைக் குழாயில் அடைத்த முடியைக் கரைப்பதும் இதே வேலைதான். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது என்று பாட்டிலின் பின்னாலேயே போட்டிருப்பார்கள். அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில்!

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் டார்னிங் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று மாமி சொன்னார். அப்பாவும் மகளும் போனார்கள். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திட்டின் விளிம்பை மட்டும் தடவிப் பார்த்தார்.

"திரும்ப அரக்குச் சாயம் ஏத்திடலாமாய்யா?"

"சாயம் ஏத்துனா நிறம் வரும்மா, நூல் வராது. அரிச்சுப்போன நூல் சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது, திட்டுத்திட்டா நிக்கும். கொதிக்கிற சாயத்துல போட்டா மிச்சமும் போயிடும்."

"மேல ஆரி வேலை போட்டு மூடிட்டா?"

"ஊசி போற இடமெல்லாம் கிழியும். கல்லு, மணி கனத்தை இந்தத் துணி தாங்காது."

அவர் சொன்ன வழி வேறு. ஓட்டையை மட்டும் இழை இழையாகப் பின்னலாம். திட்டு முழுக்கப் பின்பக்கம் மெல்லிய பட்டுத்துணி கொடுத்துத் தாங்கிப் பிடிக்கலாம். வெளுத்த நிறம் வெளுத்ததுதான். ஆனால், பின்னுவதற்கு அதே அரக்கு நூல் வேண்டும். முப்பது வருஷத்துக்கு முந்தைய சாயம் இப்போது கடையில் கிடைக்குமா? "இதோட ரவிக்கை இருக்கா?" என்று கேட்டார்.

ரவிக்கை இருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் மற்ற துணிகளோடு. மூன்று வருடமாக அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அப்பாதான் திறந்தார்.

தையலுக்குள் மடித்து விட்ட துணி வெயில் படாமல், வேர்வை படாமல் புது நிறத்திலேயே இருக்கும். அதிலிருந்து நூல் உருவலாம் என்பது பெரியவரின் கணக்கு. பிரித்துப் பார்த்தால், பக்கத் தையலில் கொஞ்சம்தான் மிச்சம். இரண்டு முறை பிரித்து விட்டிருந்த தடம் இருந்தது.

"முதல் தடவை நீ பிறந்தப்புறம் பிரிச்சா. ரெண்டாவது, உன் மாமா கல்யாணத்துக்கு" என்றார் அப்பா. அம்மா தையல் பிரித்ததெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதே மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோள் தையலிலும் முதுகுப் பட்டியிலும் தேடித் தேவையான நூலை எடுத்தார் பெரியவர். பத்து நாள் வேலை. 1,500 ரூபாய் வாங்கினார். கொடுக்கும்போது, "ரோலிங், பாலிஷ்னு எங்கேயும் குடுத்துடாதீங்க. இழுப்புத் தாங்காது. இஸ்திரிப் பெட்டியையும் அந்த இடத்துல வைக்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

ஓட்டை இருந்த இடம் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சுற்றியுள்ள வெளுப்பு பார்த்ததுமே தெரியும். புடவையைக் கட்டினால் அது சரியாக இடது தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. நிச்சயதார்த்தத்தன்று பின்னலை அந்தப் பக்கமாகத் தொங்கவிட்டு மறைக்கலாம் என்றார் மாமி. பூ வைத்ததும் பின்னல் நடுமுதுகுக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்: "என்னம்மா, பட்டு வெளுத்திருக்கே?"

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நான்தாங்க துவைச்சேன்."

அத்தை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு அவர் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். "வேட்டியை மட்டும் நல்லாத் துவைச்சிருக்கீங்க" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும்தான்.

குளியலறை மாடத்தில் ப்ளீச் பாட்டில் இப்போதும் இருக்கிறது. அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, கரும்பலகையில் எழுதிப் பழகிய கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'வேட்டிக்கு மட்டும்.' கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: 'எலுமிச்சை கூடாது.'