வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்

இன்க்ரிமென்ட் லெட்டரைப் பிரித்துப் பார்க்கிற அன்றைக்கு, 'எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது மலை மேல போய் உட்கார்ந்துடலாம்பா' என்று நினைக்காத ஆபீஸ் ஆசாமி உண்டா? போய் உட்கார்ந்து என்ன செய்வோம் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. நிஜமாகவே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களை மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால், இஸ்ரேலின் வடக்கே ஸஃபேத் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஹீப்ருவில் ட்ஸ்ஃபாத். உச்சரிக்கப் பழகுவதற்குள் பஸ் ஊருக்குள் நுழைந்துவிடும்.

2019-ல் கம்பெனி வேலையாக மூன்று மாதம் ஹைஃபாவில் இருந்தேன். அங்கே லீவு வெள்ளியும் சனியும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். வெள்ளி மத்தியானத்துக்கு மேல் சனி ராத்திரி வரை அந்த ஊரிலிருந்து பஸ் கிடையாது என்று தெரிந்தேதான் போனேன். மாட்டிக்கொள்வதுதான் திட்டமே.

கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். கல் வீடுகள், ஒரு ஆள் மட்டும் போகிற சந்துகள், ஏறினால் மூச்சு வாங்கும் படிகள். கதவு, ஜன்னல், கைப்பிடி, கல்லறை என்று எங்கே பார்த்தாலும் நீலப் பெயிண்ட். வானத்தை ஞாபகப்படுத்த என்பார்கள். கண் திருஷ்டிக்கு என்றும் சொல்வார்கள். திருஷ்டி என்றதும் எனக்கு ஊர் சட்டென்று நெருக்கமாகிவிட்டது.

யூதர்களுக்குப் புனித ஊர்கள் நாலு. ஜெருசலேம், ஹெப்ரான், டைபீரியஸ், அப்புறம் இது. ஸஃபேத்தின் பெருமைக்கு வயசு கம்மி, ஐந்நூறு வருஷம்தான். அதைக் கொண்டுவந்தவர்கள் அகதிகள். 1492-ல் ஸ்பெயின் ராஜாவும் ராணியும், 'மதம் மாறு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ' என்று யூதர்களைத் துரத்தினார்கள். அப்படிப் போன குடும்பம் ஒன்றில், டொலேடோவில் பிறந்த நாலு வயசுப் பையன் ஒருவன். பெயர் யோசேப் காரோ. ஊர் ஊராகச் சுற்றி, நடுவயது தாண்டி ஸஃபேத் வந்து சேர்ந்தான். யூதர்களின் நடைமுறைச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருஹை இங்கே உட்கார்ந்து 1563-ல் எழுதி முடித்தார். (புஸ்தகம் முடித்தவரை அவன் இவன் என்று சொல்லக் கூடாது.) காலையில் எந்தக் கால் செருப்பை முதலில் போடுவது என்பது வரை அதில் இருக்கிறது. வலது கால்தான். எங்கள் ஹெச்.ஆர். மேனுவல் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

வந்தவர்கள் பிரார்த்தனை மட்டும் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. ஸ்பெயினிலிருந்து கையோடு கம்பளித் தொழிலையும் கொண்டுவந்தார்கள். நூற்றல், நெசவு, சாயம் என்று ஊரே ஓஹோவென்று இருந்தது. அந்தக் காசில்தான் பள்ளிகளும் பண்டிதர்களும். 1577-ல் ஒரு ஹீப்ரு அச்சுக்கூடமே வந்துவிட்டது.

இந்த ஊரின் சூப்பர் ஸ்டார் ஐசக் லூரியா. 'ஆரி' என்பார்கள், சிங்கம் என்று அர்த்தம். 1570-ல் எகிப்திலிருந்து வந்தார். 1572-ல் கொள்ளை நோயில் போய்விட்டார், வயசு 38. ஆக ரெண்டே வருஷம். எழுதி வைத்ததும் கொஞ்சம்தான். ஹயீம் விடால் என்கிற சிஷ்யர் குறித்துவைத்ததுதான் நமக்குக் கிடைத்திருப்பது. சாராம்சம் இது: தெய்வீக ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்து, ஒளி பொறிப் பொறியாக உலகமெங்கும் சிதறிவிட்டது, அதைத் தேடிப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் மனுஷனுக்கு வேலை. சொந்த ஊரிலிருந்து சிதறடிக்கப்பட்ட ஜனங்களுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

இவ்வளவு பெரிய ஞானி பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? வியாபாரம். எகிப்தில் மிளகு வியாபாரம்கூடப் பண்ணியிருக்கிறார். சாவதற்கு மூன்று நாள் முன்னால் உட்கார்ந்து கணக்கு வழக்கையெல்லாம் தீர்த்துவைத்தார் என்று சொல்வார்கள். எனக்கு அந்த ஒளிப் பொறியைவிட இதுதான் பிடித்தது.

அவரைப் பற்றி இன்னொரு கதை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஷ்யர்களோடு ஊருக்கு வெளியே நிற்கிறார். திடீரென்று, "வாங்க, இப்பவே ஜெருசலேம் போயிடலாம்" என்கிறார். நூறு மைல் கிட்டத்தட்ட, பொழுது சாய்கிற நேரம். சில பேர் உடனே கிளம்பத் தயார். சில பேர், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோமே" என்றார்கள். குரு தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரே மனசாக 'சரி' என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உலகத்துக்கு விடிவு காலம் வந்திருக்குமாம்! நானூற்றைம்பது வருஷமாக இதை வருத்தத்தோடு சொல்கிறார்கள். கல்யாணமான எவனும் அந்தச் சிஷ்யர்களைக் குறை சொல்ல மாட்டான்.

கல்லறைச் சரிவுக்குப் பக்கத்தில் ஆரி முழுக்குப் போட்ட ஊற்று இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும். வரிசையாக இறங்கி அலறிக்கொண்டு ஏறினார்கள். நான் கட்டை விரலை மட்டும் விட்டுப் பார்த்தேன். ஐஸ்! பக்தியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் ஊர் மாறிவிட்டது. கடைகள் சாத்தியாகிவிட்டன. வெள்ளைச் சட்டையில் ஆண்கள் சந்து சந்தாக வந்தார்கள். ஓய்வு நாளை மணப்பெண்ணாக நினைத்து எதிர்கொண்டு அழைக்கிற வழக்கம் இந்த ஊர் ஞானிகள் பரப்பியது. அதற்கான பாட்டை ஷ்லோமோ அல்கபெட்ஸ் இங்கேதான் எழுதினார். ஆரி பெயரில் உள்ள அஷ்கெனாஸி தொழுகைக்கூடத்தில் மேடையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 1948 சண்டையில் குண்டுச் சிதறல் பாய்ந்த இடம். அந்த நொடியில் எல்லோரும் தலை குனிந்து பிரார்த்தனையில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். ஓட்டைக்குள் இப்போது வேண்டுதல் சீட்டுகள்.

நான் தங்கிய வீட்டுக்காரர் அர்ஜென்டினாக்காரர். 2001 கடைசியில் அங்கே பேங்க்குகள் முடங்கி, ஜனங்கள் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் தெருவுக்கு வந்தார்களே, அப்போது பேங்க்கில் வேலை பார்த்தவர். அடுத்த வருஷம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். 1950-ல் போட்ட சட்டப்படி உலகத்தில் எந்த மூலையில் உள்ள யூதரும் இங்கே வந்து குடியேறலாம். சாப்பாட்டு மேஜையில், "வீட்ல கேட்டீங்களா?" என்றேன். மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டேன். பதில் வர எட்டு மாசம் ஆச்சு."

"இங்கே என்ன வேலை?"

"ரெண்டு கடைக்குக் கணக்கு எழுதறேன்."

பேங்க்கை விட்டு, பூமியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து, கணக்கு!

வீடு அழகு. உயரமான வளைவு, தடிச் சுவர், சுவரிலேயே குடைந்த மாடம். ஓவியர்களின் குடியிருப்பு என்கிற பேட்டை அது. 1948 வரை அது அரபுகளின் பேட்டை. அப்போது ஊரில் பத்தாயிரத்துக்கு மேல் அரபுகள். யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. ரெண்டு பேட்டைக்கும் நடுவே பிரிட்டிஷ்காரர்கள் காலத்துப் படிக்கட்டு ஒன்று இறங்குகிறது. பகை புதுசில்லை, 1929 ஆகஸ்டில் அரபுக் கும்பல் புகுந்து யூதர்களைச் சுமார் இருபது பேரைக் கொன்றது. 1948 மே மாதச் சண்டையில் யூதர் படை ஜெயித்தது, அரபுகள் மொத்தப் பேரும் ஊரை விட்டு ஓடினார்கள். திரும்ப விடவில்லை. அவர்களின் மசூதி ஒன்று ஓவியக் கண்காட்சிக் கூடமானது.

அந்த ஓட்டத்தில் சின்னப் பையன் ஒருவன். பெயர் மஹ்மூத் அப்பாஸ். 2005-ல் பாலஸ்தீன அதிபரானவர். 2012-ல் இஸ்ரேல் டி.வி.யில், ஸஃபேத்தைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு, அங்கே குடியிருக்க இல்லை என்கிற மாதிரிச் சொன்னார். அவர் ஜனங்களே அவரைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். நான் அங்கே ரெண்டு நாள் தங்கியிருக்கிறேன், விசாவைக் காட்டிவிட்டு. பிறந்தவர் நிலைமை அது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்பாஸ் பேச்சை எடுத்தேன். உடனே பதில் வரவில்லை. 2006-ல் லெபனானிலிருந்து ராக்கெட்டுகள் வந்தபோது ரெண்டு குழந்தைகளோடு பதுங்கறையில் இருந்ததைச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"எங்க வீட்டில் யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது, மை ஃப்ரெண்ட். மாடத்தில் என்ன வச்சிருப்பாங்கன்னு சில ராத்திரி யோசிப்பேன். ஒருநாள் ஒருத்தர் வந்து கதவைத் தட்டி, 'இது எங்க தாத்தா வீடு'ன்னு சொன்னா..."

"சொன்னா?"

"உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பேன். அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு வீட்ல கேக்கணும்."

சிரிக்கவில்லை. நானும்தான்.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஓய்வு நாள் முடிந்தது. போனை எடுத்தேன். ஆபீஸிலிருந்து பதினொரு மிஸ்டு கால். ஞாயிறு அங்கே வேலை நாள். ராத்திரி பஸ்ஸைப் பிடித்தேன்.

2023 அக்டோபரிலிருந்து 2024 நவம்பர் வரை மறுபடியும் ராக்கெட். எல்லைக்கு அந்தப் பக்கம் தெற்கு லெபனானிலும் ஊர் ஊராகக் காலி. நடுவில் ஒருநாள், 'சௌக்கியமா?' என்று செய்தி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கேதான் இருக்கிறோம், டூரிஸ்ட் யாரும் வருவதில்லை, கடை ரெண்டும் மூடியாச்சு, எழுதக் கணக்கு இல்லை, சும்மா இருக்க முடியாமல் வாசல் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.